‘இதர’ என்று எழுதிய பெட்டி

மார்ச் 4
பதிப்பகத்திலிருந்து ஒரு கையெழுத்துப் பிரதி. வெளியிடலாமா என்று நான் சொல்ல வேண்டுமாம். எழுதியவர் பெயரை மறைத்திருக்கிறார்கள். இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது: எங்கள் வரலாற்றுத் துறைத்தலைவி. எனக்கு ஏழு வருடம் இளையவள், எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். பொருள், அந்த நூற்பாலை வேலைநிறுத்தம். என் வேலைநிறுத்தம். நான் எழுதிய ஒரே புத்தகம் அதைப் பற்றித்தான்.

மார்ச் 5
முதுகுவலி. படிக்கவில்லை.

மார்ச் 9
கழிப்பறைக்குக் கதவு இல்லாததால்தான் பெண்கள் இயந்திரத்தை நிறுத்தினார்கள் என்கிறாள். வர்க்க உணர்வெல்லாம் பிறகு வந்ததாம். சிரிப்பு வந்தது. நிராகரிக்க நான்கு காரணங்கள் குறித்துவைத்தேன்.
அடிக்குறிப்பைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஆதாரம் என் அட்டைகள்! இருபத்தைந்து வருடம் முன்பு நான் பேட்டி எடுத்து, எந்தத் தலைப்பிலும் அடங்காதவற்றைச் செருப்புப் பெட்டியில் போட்டு, மேலே ‘இதர’ என்று எழுதி, அறை மாறியபோது நூலகத்துக்குத் தள்ளிவிட்டவை. முதல் அட்டை என் அக்காவின் பேட்டி.

மார்ச் 10
அக்கா வீட்டுக்குப் போனேன். அவளும் அந்த மில்லில் வேலை பார்த்தவள்.
“கதவு விஷயம் நிஜமாக்கா?”
“அன்னிக்கே சொன்னேனேடா. ‘அது கெடக்கட்டும்க்கா, சுரண்டலப் பத்திச் சொல்லு’ன்னே. சரி, படிச்சவன் கேக்குறானேன்னு அதையும் சொன்னேன்.”
அதையும் சொன்னாள். நான் அதை மட்டும் எழுதினேன்.

மார்ச் 13
கோட்பாடு இல்லாமல் வரலாறு எழுத முடியாது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். சல்லடை இல்லாமல் எதைச் சலிப்பது? அவள் கையிலும் ஒன்று இருக்கிறது, அதில் வேறு ஏதாவது நழுவியிருக்கும். ஆனால் என் சல்லடையில் நழுவிப்போனது யார்? கூடப் பிறந்தவள் —
நிராகரிச்சா யாருக்குத் தெரியப்போகுது? எனக்குத் தெரியுமே, சனியன்.

மார்ச் 16
‘வெளியிடலாம்’ என்று எழுதி அனுப்பினேன். மூன்று தேதிப் பிழைகளையும் சுட்டிக்காட்டினேன். விடுவேனா?

நவம்பர் 2
புத்தகம் வந்துவிட்டது. நன்றியுரையில் எனக்கும் ஒரு வரி: ‘அட்டைகளைத் தூக்கியெறியாமல் வைத்திருந்ததற்கு.’ குத்தலா, மரியாதையா? நாலு முறை படித்தும் பிடிபடவில்லை.
அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே அவள் பேச்சு. விரல் வைத்துப் படித்தாள்.
“இது நீ எழுதினதாடா?”
“இல்லக்கா.”
“அதானே, புரியுதேன்னு பாத்தேன்.”
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கம் திருப்பினாள். கிளம்புகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். நிமிரவில்லை.