மறைந்த என் கணவரைப் பேய்த் தொடரின் பார்வையாளர் கணக்கிலிருந்து நீக்கக் கோரி

அனுப்புநர்:
வீட்டு எண் 4417,
மூன்றாம் மாடி, படிக்கட்டுக்கு இடப்புறம்.
(மனுவில் பெயர் எழுதக் கூடாது, வீட்டு எண் மட்டுமே எழுத வேண்டும் என்பது தங்கள் விதி. விதிகளைப் படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு.)

பெறுநர்:
மண்டல அலுவலர்,
தொலைக்காட்சிப் பார்வையாளர் அளவீட்டு அலுவலகம்.

பொருள்: காலஞ்சென்ற ஒருவர் "பூட்டிய மாடி" தொடரை வாரம் தவறாமல் பார்ப்பதாகத் தங்கள் அலுவலகம் பதிந்து வருவதும், அந்தக் குற்றத்தை என்மேல் சுமத்தியிருப்பதும் குறித்து.

பார்வை: எங்கள் வீட்டை "நம்பகமற்ற வீடு" என அறிவித்துத் தாங்கள் அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா, (கையொப்பத்தைப் படிக்க முடியாததால், அம்மையாராக இருந்தால் மன்னிக்கவும்)

1. எங்கள் தொலைக்காட்சிக்கு அருகில் தங்கள் அலுவலகம் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்திருக்கிறது. எந்த வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அது கணக்கெடுக்கிறது; அந்தக் கணக்கைக் கொண்டுதான் தொடர்களின் ரேட்டிங் முடிவாகிறது. பார்க்க உட்காருபவர் தமக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். எண் 1 என் கணவர், குடும்பத் தலைவர். எண் 2 நான். மூன்றாவது விருந்தினருக்கு. என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். காரியங்கள் முடிந்தவுடன் அதைத் தங்களுக்கு எழுத்துமூலம் தெரிவித்தேன். உறுப்பினர் விலகல் படிவத்தில் விலகும் உறுப்பினரே கையொப்பமிட வேண்டும் என்று பதில் வந்தது. அவரிடம் கையொப்பம் வாங்கும் வழி தங்களுக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். வேறு சில தாள்களிலும் அது தேவைப்படுகிறது.

2. இப்போது வந்திருக்கும் கடிதத்தில், இத்தொடரைச் சென்ற சீசனின் நடுவிலிருந்தே உறுப்பினர் 1 ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல் பார்த்திருப்பதாகவும், காலமானவர் பார்க்க இயலாது என்பதால் ரேட்டிங்கை உயர்த்தும் கெட்ட நோக்கத்தோடு "இவ்வீட்டில் உள்ள யாரோ" பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். காலமானவர் பார்க்க இயலாது என்பதை ஒருவழியாகத் தங்கள் அலுவலகம் ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. ஆனால் இவ்வீட்டில் உள்ள யாரோ என்று யாரைச் சொல்கிறீர்கள்? இவ்வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். தேர்வில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தவளை எங்கள் தலைமைச் சகோதரி ஒரு வாரம் சுவரைப் பார்த்து உட்கார வைப்பார். அந்தச் சுவரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

என் கணவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேய்ப் படத்தில் கதவு கிறீச்சிட்டாலே எழுந்து படுக்கப் போய்விடுவார். ரிமோட் எங்கே என்று கடைசிவரை என்னைத்தான் கேட்டார். அப்படிப்பட்டவர் போன இடத்திலிருந்து திரும்பி வந்து, சரியான பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்துகிறார் என்பது அந்தத் தொடரில்கூட நம்பும்படி இருக்காது.

3. நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமைதோறும் மூன்று பேர் என் வீட்டில் கூடுகிறார்கள். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்மணி. அடுத்த தெருவிலிருந்து என் நாத்தனார். மூவரும் "பூட்டிய மாடி" ரசிகர்கள். மாமியார் கண்ணுக்கு மட்டும் தெரிகிற, செத்துப்போன மருமகள் ஒருத்தியின் கதை அது. துக்கம் விசாரிக்க வந்த ஒரு வெள்ளிக்கிழமை, பேச ஒன்றும் இல்லாமல் என் நாத்தனார் தொலைக்காட்சியைப் போட்டார். அன்று தொடங்கியது. வீட்டில் பெட்டி இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது தங்கள் விதி; நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பெட்டியைச் சோதிக்க வரும் தங்கள் பெட்டிக்காரர்தான் முதல் முறை வந்தபோது, ஒவ்வொரு மாடியிலும் நின்று "ரேட்டிங் பெட்டி வச்ச வீடு எதுங்க?" என்று விசாரித்துக்கொண்டே ஏறினார். தங்கள் ரகசியக் காப்பு விதி அவருக்கும் பொருந்துமா என்று அறிய விரும்புகிறேன்.

4. அப்படியானால் பொத்தானை அழுத்தியது யார்? ஒருவரும் இல்லை. அதுதான் கோளாறு. விருந்தினர் பொத்தானை அழுத்தினால் வயதைப் பதியச் சொல்கிறது. மருந்துக்கடைப் பெண்மணி ஐம்பதைத் தாண்டியும் என்னை "ஆன்ட்டி" என்று அழைப்பவர், "வயசெல்லாம் எதுக்கு ஆன்ட்டி அவங்களுக்கு, பொண்ணு பார்க்கவா வர்றாங்க?" என்று கையை இழுத்துக்கொண்டார். ஓட்டுநர், அரசாங்கப் பெட்டி எதிலும் கை வைக்க மாட்டேன் என்றார். இது அரசாங்கப் பெட்டி அல்ல என்று சொன்னேன். கறுப்பாக இருக்கிறதே என்றார். என் நாத்தனார் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருபவர். நானோ குறுக்கெழுத்துப் போடுபவள். பார்ப்பவர்தான் அழுத்த வேண்டும் என்பது விதி. நான் பார்க்கவில்லை, அழுத்தவில்லை.

தங்கள் கடிதத்துக்குப் பிறகு பெட்டியைச் சோதிக்க வந்த அதே பெட்டிக்காரர், காப்பி குடித்தபடி சாவகாசமாகச் சொன்னார்: "யாரும் அமுக்கலைன்னா அது தானா குடும்பத் தலைவர் பேர்ல ஏத்திக்கும்மா. எல்லா வீட்லயும் அப்படித்தான்." தங்கள் பெட்டி செய்த இந்த வேலைக்குத்தான் என்மேல் கெட்ட நோக்கம் சுமத்தப்பட்டிருக்கிறது.

5. இதன் விளைவையும் தாங்கள் அறிய வேண்டும். எங்கள் ஒரு வீடு பல்லாயிரம் வீடுகளுக்குச் சமம் என்று தங்கள் கையேடு பெருமையோடு சொல்கிறது. ஆக, என் கணவர் ஒருவர் பல்லாயிரம் முதியவர்களாகப் பெருகிவிட்டார். தொடரின் இயக்குநர் ஒரு வார இதழ்ப் பேட்டியில், வயதான ஆண்கள் எதிர்பாராத அளவில் பார்க்கத் தொடங்கியிருப்பதால் அவர்களுக்காகவே புதிய சீசனில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் ஆவியைச் சேர்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஆவி மாடிப்படியில் உட்கார்ந்து சட்டம் ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறது. மூன்று வாரமாக ஒரே வழக்கைப் பற்றிப் பேசுகிறது. "இது பேயா, பென்ஷன் ஆபீஸ் க்யூவா? எப்பம்மா பயமுறுத்தும்?" என்று ஓட்டுநர் என்னைக் கேட்கிறார். மருமகள் பேய்க்கு மொத்தமே இரண்டு காட்சிதான் என்று மருந்துக்கடைப் பெண்மணி கொதிக்கிறார். என் கணவரால் உயிரோடு இருந்தபோது இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் இவ்வளவு தொல்லை நேர்ந்ததில்லை.

6. இந்த மனுவை எழுதப்போவதாகச் சொன்னதும் மூவரும் தடுத்தார்கள். நீதிபதியைத் திட்டிக்கொண்டே இருந்தவர்கள்தான். இந்த முதியவர்கள் கணக்கு போய்விட்டால் ரேட்டிங் சரிந்து, தொடரையே பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். "நீங்க பாட்டுக்கு நேர்மையா எழுதிருவீங்க. வெள்ளிக்கிழமை நாங்க எங்க போறது?" என்றார் ஓட்டுநர். தொடர் இல்லாவிட்டாலும் வரலாமே என்றேன். "வந்து என்ன பேசறது?" என்று கேட்டார்.

என் நாத்தனார் சொன்னது வேறு. "அண்ணன் பேரு அதுலயாவது இருந்துட்டுப் போகட்டுமே அண்ணி. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். நான் எழுதத்தான் போகிறேன் என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், இன்னும் என்னோடு பேசவில்லை.

7. ஐயா, இந்த நீக்கத்தைக் கேட்பது எனக்குச் சுலபமான காரியம் என்று எண்ண வேண்டாம். வங்கிக் கணக்கிலிருந்து அவர் பெயரை எடுத்தாயிற்று. மின்கட்டணத்திலிருந்து எடுத்தாயிற்று. வாசல் பலகையை நானே கழற்றினேன். அவரை இன்னமும் குடும்பத் தலைவர் என்று சொல்லிக்கொண்டிருப்பது தங்கள் பெட்டி ஒன்றுதான். அதை அப்படியே விட்டுவிட ஒரு முழு நாள் எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் அவர் தணிக்கையாளராக இருந்தவர். இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டிய நிறுவனங்களின் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்து, இரண்டு முறை வேலையை இழந்தவர். இல்லாத அவரையே இருப்பதாகக் கணக்கில் காட்ட எனக்கு அனுமதியில்லை.

8. ஆகவே, பின்வருவனவற்றைச் செய்துதர வேண்டுகிறேன். "நம்பகமற்ற வீடு" என்ற சொல்லை எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும். உறுப்பினர் 1ஐ, அவருடைய கையொப்பத்துக்குக் காத்திராமல், நீக்க வேண்டும். இதுவரை அவர் பேரில் ஏறிய பார்வைகளைத் தள்ளிவிட்டு, உண்மையான எண்ணைத் தொலைக்காட்சி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. யாரும் அழுத்தாவிட்டால் யாரும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளும்படி பெட்டிக்குக் கற்றுத்தர வேண்டும்.

விருந்தினர் மூவரும் இனி வயதைப் பதிந்து பொத்தானை அழுத்தச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு. மருந்துக்கடைப் பெண்மணி நாற்பத்தொன்பது என்று பதிவார். அதைத் தணிக்கை செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

9. என் தரப்பிலும் ஒரு திருத்தம் உண்டு. சென்ற வாரம் நாத்தனார் வராததால், அன்றைய கதையை அவருக்குத் தொலைபேசியில் யார் சொல்வது என்று மற்ற இருவரும் தவித்தார்கள். அவர் என்னோடுதான் பேசவில்லை. நான் அவரோடு பேசலாமே. நானே அழைத்துக் கதையைச் சொன்னேன். மருமகள் எந்தச் சன்னல் வழியாக வந்தாள், மாமியார் எந்தச் சாவியை ஒளித்தாள், நீதிபதி எந்த இடத்தில் பொய் சொன்னார் என்பது உட்பட ஒன்று விடாமல் சொல்ல முடிந்தது. அவர் கடைசிவரை தொலைபேசியை வைக்கவில்லை. குறுக்கெழுத்தில் அன்று ஒரு கட்டம்கூட நிரம்பியிருக்கவில்லை. எனவே வரும் வெள்ளி முதல் எண் 2 பொத்தான் அழுத்தப்படும். பெண், வயது எழுபத்து மூன்று. இதைத் தொடருக்கான பாராட்டு என்று இயக்குநர் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேல்விசாரணைக்கு யாரையேனும் அனுப்புவதாயின் எந்த நாளும் அனுப்பலாம். வெள்ளிக்கிழமை இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும் தவிர்க்கவும். கதவைத் திறக்க எங்களில் ஒருவரும் எழுந்து வர மாட்டோம்.

இடம்: மேற்படி வீட்டின் முன்னறை
நாள்: வியாழக்கிழமை

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
உறுப்பினர் எண் 2