வாளிப் பவனிக்கு மலைக் கதவைத் திறக்க வேண்டி

அனுப்புநர்:
பெட்ரீசியா ஆம்புரோஸ்,
செயலாளர், லூர்து மாதா கெபித் திருவிழாக் குழு,
எட்டாங்கட்டைப் பழைய தோட்டம்,
லகாட், பேராக்.

பெறுநர்:
மாவட்ட வன அதிகாரி அவர்கள்,
வன அலுவலகம், ஈப்போ.

பொருள்: எட்டாங்கட்டை மலைக் காட்டின் வேலிக் கதவில் போட்ட பூட்டை, லூர்து மாதா நவநாளுக்கு முன் திறந்துவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய துவான் அவர்களுக்கு,

வணக்கம். இது புகார் மனுதான். ஆனாலும் எழுத எழுதப் பெருமையே முந்திக்கொண்டு வருவதைத் துவான் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதன் மலாய்ப் படியைச் சாப்பாட்டுக் கடை ஜைனுலாப்தீன் அவர்களின் மகன் அப்துல் ரசாக் எழுதி இணைத்திருக்கிறார். அதில் பணிவு கூடுதலாக இருந்தால் அது அவருடையது.

1. 1983 பிப்ரவரியில் எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள மலை எரிந்தது. சில நாள்களுக்கு முன்புதான் மலைச்சரிவில் குகைபோல் கட்டிய மாதா கெபிக்கு மெழுகுவர்த்தி ஏந்திப் பவனி போயிருந்தோம். தீ மூட்டியது யார் என்று இன்றுவரை தெரியாது. பழி மட்டும் எங்கள் தலையில் விழுந்தது. இனிப் பவனியில் மெழுகுவர்த்தி கூடாது என்று தங்கள் அலுவலகம் தடை போட்டது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதில் எங்களுக்கு வேலை போயிருந்த நேரம் அது. அந்தப் பழி மிகவும் வலித்தது.

2. அந்த ஆண்டுக் கடைசி மழையில் ஈப்போவிலுள்ள டயர் கம்பெனி ஒன்று முழுச் செலவையும் ஏற்று, கரிந்த சரிவெங்கும் மெராந்தி, பெத்தாய்க் கன்றுகளை நட்டது. அந்த நன்றியை நாங்கள் மறக்கவில்லை. கூடாரம், ரிப்பன், கேக் எல்லாம் வந்தன. தண்ணீர் ஊற்ற மட்டும் ஒருவரும் வரவில்லை. தை வெயிலில் கன்றுகள் தலை தொங்கின.

3. அடுத்த நவநாள் வந்தது. வெறுங்கையோடு எப்படிப் பவனி போவது என்று எல்லாரும் கலங்கினோம். லூர்து நகரில் காட்சி தந்த மாதா ஓர் ஊற்றைக் காட்டினார் என்பது எங்கள் நம்பிக்கை. ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டிய ஆலிஸ் அக்கா அப்போது சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "மாதா தண்ணியத்தானே காட்டினாங்க, நெருப்பையா காட்டினாங்க? நாமளும் தண்ணி தூக்கிட்டுப் போலாம் லா." அன்றே பரணில் கிடந்த பால் வாளிகளும், அவற்றைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்புகளும் கீழே இறங்கின.

4. நவநாளின் ஒன்பது மாலையும் செபமாலை சொல்லிக்கொண்டே மலையேறி, வழிநெடுகக் கன்றுகளுக்கு ஊற்றினோம். பிறகு மழை பிடிக்கும்வரை ஞாயிறுதோறும் ஏறினோம். ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான். குனோங் ராபாட்டுக்குக் குடிபோனவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். ஜைனுலாப்தீன் அண்ணன் எண்ணெய் டின்களுக்குக் கைப்பிடி வைத்துக் கொடுத்தார். பாஸ்கல் அண்ணன் ஒரு கன்றுக்கு மனைவியின் பெயரை வைத்து, "நம்ம ரோசரிக்குத் தாகம் ஜாஸ்தி லா" என்று ஊற்றி ஊற்றியே அதை அழுக வைத்துவிட்டார். ரோசரி அக்கா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

5. மற்றவை பிழைத்தன, துவான்! மெராந்திகள் எங்கள் வீட்டுக் கூரையைத் தாண்டிவிட்டன. ஓடிப்போன குரங்குகள் திரும்பிவிட்டன, எங்கள் சமையலறை வரைக்கும். அதைப் பற்றித் தனியே ஒரு புகார் எழுத உத்தேசம்.

6. சென்ற ஆண்டு நவநாளில் ஒரு மாலை, மலையின் மறுபக்க லாலாங் புல்லில் தீப்பிடித்துக் காட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டது. பவனி அப்போது பாதி மலையில் இருந்தது. எல்லார் கையிலும் நிறைந்த வாளி. பாட்டை நிறுத்திவிட்டு ஓடினோம். தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. காட்டைக் கொளுத்தியவர்கள் என்று பெயர் வாங்கிய நாங்களே அதைக் காப்பாற்றினோம். அன்றிரவு அடுப்புக்கரி பூசியதுபோன்ற முகத்தோடு எல்லாரும் அழுதோம், சிரித்தோம்.

7. இப்போதுதான் புகார். கன்று நட்ட டயர் கம்பெனியின் புதிய மேலாளர், தங்கள் அலுவலகத்தின் அனுமதியோடு காட்டைச் சுற்றி வேலி அடித்துக் கதவைப் பூட்டிவிட்டார். எங்கள் பவனி தீ அபாயமுள்ள கூட்டமாம். கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். மாதா வேலிக்கு உள்ளே, நாங்கள் வெளியே. வெயில் மறுபடியும் தொடங்கிவிட்டது. காட்டுக்கு ஏதாவது ஆனால் பூட்டு ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றாது. கோபமாகவே சொல்கிறேன், இது அநியாயம்.

எங்களுக்குப் பாராட்டும் வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். மெழுகுவர்த்தித் தடையை நீக்கவும் கேட்கவில்லை. மெழுகுவர்த்தியை நாங்களே விட்டுவிட்டோம். நவநாள் தொடங்கும் பிப்ரவரி 2ஆம் தேதி மாலைக்குள் கதவைத் திறக்க உத்தரவிட வேண்டுகிறோம்.

உத்தரவை அனுப்புவதைவிடத் துவானே சாவியோடு வந்தால் இன்னும் மகிழ்வோம். தங்களுக்கென ஒரு வாளி எடுத்து வைத்திருக்கிறோம். பழக்கமில்லாத கைக்கு உறுத்தக் கூடாதென்று ஆலிஸ் அக்கா அதன் பிடியில் துணி சுற்றியிருக்கிறார்.

கதவு திறக்கும் நாளுக்கு வாளிகளைக் கழுவிக் காத்திருக்கும் குழுவின் சார்பில்,

(ஒப்பம்)
பெட்ரீசியா ஆம்புரோஸ்

இடம்: லகாட்
நாள்: 11.1.1988