புழு டப்பாவும் அப்பாவின் பயணமும்

மயூர் விஹார், தில்லி
29-8-2000

சௌபாக்கியவதி சுபாவுக்கு அம்மாவின் ஆசிகள். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். டொரண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் வாண்டும் நலம் என்று போனில் கேட்டது போதவில்லை, கால் வீக்கம் வடிந்ததா என்று விவரமாக எழுது.

இனி சொல்லப்போவதை முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள். எட்டாம் தேதி நான் வரவில்லை, அப்பா வருகிறார். என் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு அவருடையதை முன்னால் கொண்டுவந்துவிட்டோம். காரணம் அந்தப் பச்சைப் பூஞ்சைதான். காலிஃப்ளவர் புழுவைக் கொல்லும் மூன்று பூஞ்சைகளை லாபில் சேர்த்து வருவது உனக்குத் தெரியும். வெள்ளை இரண்டும் வெறும் சாதத்தில் போட்டால்கூட வளர்ந்து இனம் பெருக்கும் சமர்த்துகள். பச்சை மட்டும் பிடிவாதக்காரி, தட்டில் வைத்தால் பஞ்சாக நிற்குமே தவிர ஒரு வித்து தராது. மழைக்காலத்தில் வயலில் புழுவின் மேல் வந்தால்தான் முதலில் வெளுத்து, பிறகு பச்சைத் தூளாக வித்தைக் கொட்டும், அந்தத் தூள் பட்டு மற்றப் புழுக்களும் சாகும். போன வாரம் யமுனைக் கரை வயலில் அப்படி ஒரு பிடி புழு கிடைத்தது. அன்று லாபுக்குப் போக நேரமில்லாமல் டப்பாவில் போட்டு நம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி. உன் அப்பா ஃப்ரிட்ஜைத் துடைக்கப் போய், வெண்ணெய்க்குப் பக்கத்தில் புழுவா என்று பதறி, எல்லாவற்றையும் குப்பையில் கொட்டி, டப்பாவை வெந்நீரில் அலம்பி அதிலேயே சீடையை நிரப்பிவிட்டார்! நான் திறந்து பார்த்துக் கத்தினேன், கத்தும்போதே சிரிப்பும் வந்தது.

அடுத்த மழைக்குப் பிறகுதான் அது மறுபடி தென்படும், செப்டம்பர் முழுக்க வயலே கதி என்று கிடக்க வேண்டும். ஜனவரியில் ரிடையர் ஆகிறேன், எனக்கு இன்னொரு மழைக்காலம் கிடையாது. வயல்காரர் என்னைப் பார்த்தாலே, "மேடம்ஜி, உங்க ஹரி தவாயி எப்போ?" என்று அவர் ஹிந்தியில் அந்தப் பச்சை மருந்தைக் கேட்கிறார். பதில் சொல்லாமல் கிளம்ப எனக்கு மனசு வரவில்லை சுபா. தலைப்பிரசவத்துக்கு அம்மா போகாமல் அப்பா போவதாவது என்று உன் அத்தை போனில் கேட்டாள். அப்பா ரிசீவரைப் பிடுங்கி, "நான் பண்ற ரசம்தான் கொழந்தைக்குப் பிடிக்கும், வத்சலா வச்சா தொடவே மாட்டா" என்றார். உண்மைதான், என்ன செய்ய. பிரசவ லேகியம் கிளறியாகிவிட்டது. காலை நீட்டி, குழந்தைக்குப் பதில் தலையணையைப் போட்டுக்கொண்டு குளிப்பாட்டப் பழகுகிறார், முழங்கால் வலித்தாலும் விடுவதில்லை.

அக்டோபரில் வந்துவிடுவேன். ஆனால் அந்த நாளில் உன் பக்கத்தில் நான் இல்லை என்பது எனக்கு ஆறவே இல்லை. இரும்பு மாத்திரையை மறக்காதே, ஏர்போர்ட்டில் அப்பாவைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. வலி எடுத்தால் நீ அம்மா என்றுதான் கத்துவாய். அப்போது என் இடத்தில் நின்று, "இதோ இருக்கேன்டி கண்ணே" என்று நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். சரி என்றார். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

சுகப்பிரசவம் ஆகட்டும், தாயும் சேயும் தீர்க்காயுசாக இருங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

உன் அம்மா,
வத்சலா