வெள்ளை எனக்கு, கருப்பு உனக்கு

ரூசே,
19 செப்டம்பர் 1994

அன்புள்ள வெலினுக்கு,

நான் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? குடைமிளகாய் சுட்டு, அரைத்து, பாட்டில்களில் அடைத்துவிட்டேன். உன் பங்கைத் தொடவில்லை.

நேற்றைய செஸ் கிளப் போட்டியில் எனக்குக் கருப்பு விழுந்தது. உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் தோற்றேன். கேப்டன் போஷிதார் சும்மா விடுவாரா? "வெள்ளைய நீ படி, கருப்ப அவன் படிக்கட்டும்னு புருஷனும் பொண்டாட்டியும் பாகம் பிரிச்சுக்கிட்டீங்க. இப்ப பாதி மூளையோட வந்து உக்காந்திருக்கியே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

முன்பெல்லாம் ஞாயிறு காலையில் காபி ஆறுவதற்குள் சொல்லிக்கொடுத்துவிடுவாய். கருப்புக்கு நீ ஆடும் காரோ-கான் தடுப்பில், எதிராளி வெள்ளைச் சிப்பாயை முன்னே தள்ளினால் நான் என்ன செய்வது?

மூன்று மாத வேலை என்றுதானே போனாய்? கோடையும் போய்விட்டது. எப்போது வருகிறாய்?

உன்
ராலிட்சா

*

வார்னா,
2 அக்டோபர்

என் ராலிக்கு,

போஷிதார் கிடக்கிறார். சிப்பாய் முன்னே வந்தால் பதறாதே. முதலில் மந்திரியை வெளியே எடு, அப்புறம் உன் சிப்பாயை நகர்த்திக் கதவைச் சாத்து. முந்திச் சாத்தினால், பாவம், மந்திரி உள்ளேயே அடைபட்டுக் கிடப்பார்.

துறைமுக வேலை இழுத்துக்கொண்டே போகிறது. புத்தாண்டுக்குக் கட்டாயம் வருவேன்.

உன்
வெலின்

*

ரூசே,
3 ஜனவரி 1995

வெலின்,

புத்தாண்டுக்கான பாலாடைக்கட்டி அடை, நம் பனிட்சாவில் அதிர்ஷ்டச் சீட்டுகளை வைத்துச் சுட்டு, உனக்கு ஒரு துண்டு எடுத்துவைத்தேன். இரண்டு நாள் வழி பார்த்துவிட்டு நானே தின்றேன். உள்ளே 'பயணம்' என்று இருந்தது. உன்னை நினைத்து நான் எழுதிய சீட்டுதான். வர முடியாது என்று ஒரு வரி போட்டிருக்கலாமே.

ராலிட்சா

*

வார்னா,
20 பிப்ரவரி

அன்புள்ள ராலிட்சா,

கோபிக்காதே. இங்குள்ள கிளப்பில் என் பெயரைப் பதிந்துவிட்டேன். இனி ரூசே அணிக்கு ஆட முடியாது. நான் திரும்பி வரப்போவதில்லை என்பதை நேரில் வந்து சொல்லத் தைரியம் இல்லை.

"வெள்ளைன்னா மட்டும் ஏன்யா தோத்துக்கிட்டே இருக்க?" என்று இங்கே கேட்கிறார்கள். உன் இத்தாலியன் ஆட்டத்தை எப்படிக் கொண்டுபோவது என்று எழுதுவாயா?

வெலின்

*

ரூசே,
5 மார்ச்

வெலினுக்கு,

அழுது முடித்த பிறகுதான் எழுதுகிறேன்.

இத்தாலியனில் அவசரம் கூடாது. ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பிவிட்டு, ராணிப் பக்கத்துக் குதிரையைச் சுற்றி ராஜா பக்கம் கொண்டுவா. அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு நிறைய இருந்தது.

உன் பங்கு மிளகாய்ப் பாட்டில்களைக் கிளப்புக்கு எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டேன்.

இப்போது கருப்பையும் நானே படிக்கிறேன். காரோ-கான் வேண்டாம், அதில் ஒவ்வொரு நகர்த்தலிலும் உன் குரல் கேட்கிறது. பிரெஞ்சுத் தடுப்பை எடுத்திருக்கிறேன். அதில் முதல் நகர்த்தலிலேயே கதவைச் சாத்திவிட வேண்டும். மந்திரி உள்ளேயே கிடப்பார்.

"கொஞ்ச நாள்ல பழகிடும்மா" என்கிறார் போஷிதார்.

ராலிட்சா