அழித்த டிரம்ஸ்

போர்ட் அன்டோனியோ, ஜமைக்கா,
20 ஜூலை 1997

அன்புள்ள தம்பி லின்வலுக்கு,

அக்கா அயோனி எழுதுகிறேன். பர்மிங்காமில் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாலு முறை போன் செய்தேன். நாலு முறையும் நீ வேலைக்குப் போயிருப்பதாக உன் மனைவி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகூடவா என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். இந்தக் கடிதத்தை, அங்கிருந்து ஊருக்கு வந்திருந்த மிஸ் ஓபலின் மகள் உன் கையிலேயே கொடுப்பாள். கிழிக்காமல் கடைசிவரை படி.

ஆகஸ்ட் ஆறாம் தேதி, சுதந்திர தினத்தன்று, கிங்ஸ்டனில் பெரிய கச்சேரி. நம் 'பின்னக் வீட்டார்' குழுவை அழைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபத்திரண்டு. இடது கை நடுங்குகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை முன்போல் அழுத்த முடிவதில்லை. இதுதான் அவருடைய கடைசி மேடை என்று டாக்டர் சொல்லாமலேயே எங்களுக்குத் தெரியும்.

சம்பளத்துக்கு ஒரு டிரம்மரை வரவழைத்தேன். கெட்டிக்காரப் பையன். இரண்டாவது பாட்டிலேயே அப்பா வாசிப்பை நிறுத்திவிட்டார். "நல்லாத்தான் அடிக்கிற தம்பி. ஆனா பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவன் மாதிரி அடிக்கிற" என்றார். அவன் சிரித்தான், அப்பா சிரிக்கவில்லை. கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிட்டு, "லின்வல் வந்தா நான் மேடை ஏறுறேன். வரலேன்னா இந்தப் பேரோட யாரும் ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டார். ஒரு வாரமாயிற்று, பெட்டியைத் திறக்கவில்லை. சோளமாவுக் கஞ்சியைக்கூடப் பாதியில் வைத்துவிடுகிறார்.

நீ அவரோடு பேசி பதினோரு வருஷமாகிறது. எண்பத்தாறில் நம் 'மழைக்கு முன்னால்' இசைத்தட்டு வெளிவந்தபோது, அதில் உன் டிரம்ஸ் இல்லை, மிஷின் தாளம் இருந்தது. "நான்தான் மாத்தினேன்" என்றார் அப்பா. மறுமாதம் நீ விமானம் ஏறிவிட்டாய்.

லின்வல், மாற்றியது அப்பா இல்லை. நான்.

ஸ்டுடியோவில் அன்று நான் மட்டும்தான் இருந்தேன். பேஸ், கிட்டார், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உன் டிரம்ஸைத் தனியாகக் கேட்டேன். நாலு எண்ணிக்கையில் முதலாவதை விட்டு மூன்றாவதில் விழும் உன் அடி, நூலளவு பிந்தி விழுந்தது. தாளம் இழுக்கிறது என்று நினைத்தேன். எல்லோரும் மிஷினுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம், நாம் பின்தங்கிவிடுவோம் என்று பயம். டேப்பில் உன் டிரம்ஸை அழித்து அதன் மேலேயே மிஷினைப் பதிந்தேன். அப்பாவின் பேஸ் அந்த நூலளவு இடத்தில்தான் கால் வைத்து நடந்தது என்பது, அடுத்த நாள் அவர் கேட்டுவிட்டு முகம் சுண்டி உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ரெகே வாசிக்கும் வீட்டில் பிறந்தவள் செய்யக் கூடாத மடத்தனம். அந்தத் தட்டு விற்றதுதான் கொடுமை. இன்றைக்கும் ரேடியோவில் போட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நான் உன்னிடம் சொல்லப் புறப்பட்டேன். அப்பாதான் தடுத்தார். "அப்பன் மேல கோவம்னா நாலு மாசத்துல ஆறிடும். நீ பண்ணினேன்னு தெரிஞ்சா ரெண்டு பேரும் ஜென்மத்துக்கும் பேசமாட்டீங்க" என்றார். நாலு மாசம் பதினோரு வருஷமாயிற்று. நானும் வாயை மூடிக்கொண்டு சுகமாக இருந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இதை எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. நீ வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. உன் இடத்தில் உட்கார்ந்து அடித்தால் போதும், அவருக்குப் புரிந்துவிடும். என்னோடு ஒரே மேடையில் இருக்க உனக்கு மனமில்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். எனக்குப் பதிலாகக் கீபோர்டு வாசிக்க வேறு ஆள் பேசி வைத்துவிட்டேன். நான் கீழே கூட்டத்தில் நின்று உங்கள் இருவரையும் கேட்பேன்.

கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் காப்பாராக. வா, லின்வல். என்னை மன்னித்துவிட்டு வர வேண்டாம், கோபத்தோடாவது வா.

உன் அக்கா,
அயோனி