அப்பாவின் இரண்டு ஈசிஜி தாள்கள்

அன்புள்ள அக்கா,

பயப்படாமல் படி, அப்பா நன்றாக இருக்கிறார். செவ்வாய்க்கிழமை நெஞ்சை அடைக்கிறது என்றார். அம்மாவும் நானும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். ஈசிஜி தாளைப் பார்த்த டெக்னீஷியன் உதட்டைப் பிதுக்கினார்.

நான் எட்டிப் பார்த்தேன். முதல் வரியில் அலைகள் எல்லாம் தலைகீழாக இருந்தன. வலது கை வயரையும் இடது கை வயரையும் மாற்றிப் பொருத்தினால் இப்படி வரும் என்று, நீ விட்டுப்போன புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய். அதைச் சொன்னேன்.

"எத்தனாவது படிக்கிற பாப்பா?"

"பத்தாவது."

"பத்து வருஷம் கழிச்சு வந்து சொல்லு."

படுத்தபடியே அப்பா சொன்னார்: "ஒரு தடவ பாத்துடுங்க தம்பி. மூத்தவ டாக்டருக்குப் படிக்கிறா. அவ புத்தகத்த இது கரைச்சுக் குடிச்சிருக்கு."

நீ கோபித்துக்கொண்டு போன இந்த எட்டு மாதத்தில், உன்னைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

வயரைச் சரியாகப் பொருத்தி மறுபடி எடுத்தார்கள். எந்தக் கோளாறும் இல்லை, வெறும் வாய்வுதான் என்றார் டாக்டர்.

முதல் தாளை மட்டும் அனுப்பினால் அடுத்த வண்டியிலேயே வந்துவிடுவாய் என்று தோன்றியது. அப்பா பெயரைப் பார்த்ததும் பென்சில் குறிப்பெல்லாம் உனக்கு மறந்துபோகும். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். பிறகு மனசு கேட்காமல் பிரித்துவிட்டேன். இதனுடன் இருப்பது சரியான தாள்.

அவருக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதபோதும் வரலாம், அக்கா.

கட்டிலில் உன் பாதியை விட்டுவிட்டுத் தூங்கும்
தங்கச்சி