எங்கள் கரையில் ஒரு திரு-கொச்சி

மாமு,

நேற்று எண்ணூரில் அம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம் முடிந்து வெளியே வந்தால், தள்ளுவண்டியில் ஒருத்தி மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆவி மூக்கில் ஏறியதுமே உன் ராயபுரம் வீடு ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிழங்கும் மீன் குழம்பும் வைத்துவிட்டு, “மரச்சீனின்னு சொல்லு மக்கா” என்று திருத்துவாய். உன்னை மூலக்கொத்தளம் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து என்னைத் திருத்த ஆளில்லை.

சொல்ல வந்தது கிழங்கைப் பற்றி இல்லை. உன் திரு-கொச்சி எங்கள் கரைக்கே வந்துவிட்டது.

துறைமுகத்தில் நாம் ஒன்றாக வேலை பார்த்த காலத்தில், சாப்பாட்டு நேரம் ஆனால் போதும், நீ உன் ராஜாக்களை இழுத்துக்கொண்டு வருவாய். “வீட்ட விட்டு எறங்காமலே மூணு ராஜ்யம் பாத்தவனாக்கும் நான்” என்று பீற்றிக்கொள்வாய். திருவிதாங்கூர் ராஜாவின் குடியாகப் பிறந்தாய். சுதந்திரத்துக்குப் பிறகு திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒட்டி, திரு-கொச்சி என்று ஒரே மாநிலமாக்கினார்கள். நீ பள்ளிக்கூடம் போனது அதில். உங்கள் கல்குளம் தாலுகா சென்னையோடு சேர்ந்தபோது உனக்கு மீசைகூட அரும்பவில்லை.

ராஜாக்களின் மனம் கோணாமல் எல்லாம் செய்தார்கள் என்பாய். திருவிதாங்கூர் ராஜாவுக்கு ராஜப்பிரமுகர் என்று கவர்னர் மாதிரி ஒரு பதவி. கொச்சி ராஜா விட்டுக்கொடுத்து ஒதுங்கிக்கொண்டார். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு, அதற்கு ஈடாக உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்துக்கு. அப்படியும் மந்திரிசபைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. தெற்கே தமிழ் பேசும் தாலுகாக்கள், எங்களைச் சென்னையோடு சேருங்கள் என்று போட்ட சத்தம் கேட்க வேண்டியவர்கள் காதில் விழவில்லை. ஊர்வலம் போனார்கள், அடி வாங்கினார்கள், கடைசியில் துப்பாக்கிச் சூடு. உன் சித்தப்பா வாழைத்தோப்பில் ஒளிந்துகிடந்ததைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் இறங்கிவிடும். ஏழே வருஷம். மொழிவாரி மாநிலங்கள் வந்தன. நீங்கள் இந்தப் பக்கம் வந்தீர்கள், மிச்சம் கேரளத்துக்குப் போனது.

“ரெண்டு ராஜாக்கமாரையும் கேட்டானுவ. எங்கள ஒருத்தனும் கேக்கல்ல மக்கா. பின்ன எப்பிடி நிக்கும்?” என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போவாய்.

“உன் ராஜா கதையோட ஒரே பேஜாரா பூட்ச்சு” என்று நான் கத்துவேன்.

இப்போது எங்கள் கதைக்கு வா. அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டிக் கொட்டி எங்கள் ஆறு சுருங்கிவிட்டது. இறால் வலை போட யாருக்கு எந்த நாள் என்று ‘பாடு’ பிரித்து முறை வைப்போமே, அதை எங்கள் குப்பமும் பக்கத்துக் குப்பமும் இனி தனித்தனியாக வைக்க இடமில்லை. இரண்டும் ஒரே பஞ்சாயத்தாவது என்று போன மாதம் முடிவானது. தலைவர் பக்கத்துக் குப்பத்து ஆள், திருவிழாவில் முதல் மரியாதை எங்களுக்கு. எல்லோரும் கைதட்டிவிட்டு எழுந்தோம்.

வீட்டுக்கு வந்தால் மகளிடமிருந்து போன். அவளைக் கட்டிக்கொடுத்தது புதுத்தெருவில். தங்கள் கரையைச் சாம்பலுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் குப்பத்துக்குப் பின்னால் வந்து குடியேறிய சனம் அது. எங்கள் பாடு முறையில் அவர்களுக்கும் ஒரு நாள் விட்டுக்கொடுத்து வந்தோம். வாய்வார்த்தை வழக்கம்தானே, புது ஏற்பாட்டில் அது யாருக்கும் நினைவே வரவில்லை.

“நைனா, எங்க பாடு இன்னாச்சு? எங்க தெருவப் பத்தி ஒருத்தர்கூட பேசலியாமே. நாங்க இந்த ஊர்ல கீறோமா, இல்லியா?”

மருமகனுக்கு ஆற்றை விட்டால் வேறு தொழில் தெரியாது.

நச்சரித்து நச்சரித்து நேற்று மறுபடியும் கூட்டத்தைக் கூட்ட வைத்தேன். தலைவர் முறைத்தார். “முடிஞ்சத இன்னாத்துக்கு நோண்டிகினு கீறே? மருமவனுக்கோசரம் வந்துட்டியா?”

“ஆமாம்பா, அவனுக்கோசரமுந்தான்” என்றேன். பிறகு உன் கதையைச் சொன்னேன். ராஜாக்கள், தலைநகர், கோர்ட்டு, வாழைத்தோப்பு எல்லாவற்றையும். அத்தனையும் எனக்கு மனப்பாடம் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சிலர் சிரித்தார்கள். பக்கத்துக் குப்பத்துப் பெரியவர் ஒருவர் மட்டும், “ஏழே வருசந்தானா?” என்று கேட்டார்.

“ஏழே வருசம்.”

பெரியவர் புதுத்தெருப் பக்கம் கையைக் காட்டினார். “அவுங்களயும் இட்டுகினு வாங்கப்பா” என்றார்.

புதுத்தெருவே வந்தது. எங்கள் கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கமில்லை. என் மகள் எழுந்து பேசினாள். இனி அவர்களுக்கும் சொந்தப் பாடு, யாரும் விட்டுக்கொடுத்ததாக இல்லாமல், உரிமையாகவே. சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். நெஞ்சில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது மாமு. அழுதுவிடுவேனோ என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கலைந்து போகும்போது தலைவர் என் தோளில் கை போட்டார். “யாருப்பா அந்த ராஜா கத சொன்ன தோஸ்து? அடுத்த கூட்டத்துக்கு அவரயும் இட்டுகினு வா.”

நீ செத்துப்போய்விட்டாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “இன்னிக்கே இட்டுகினுதான் வந்தேன்” என்றேன்.